பதினாறு வருஷத் தலைசுற்றல்

இரும்பு உத்தரம் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியபோதே கையக்கா முஷ்டியை மூடித் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். மூடிய முஷ்டி என்றால் நிறுத்து. அந்தக் கொட்டகையில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூட அது தெரியும். கூரைக்குக் கீழே தொங்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருந்த கிரேன் டிரைவர் மட்டும் அதைப் பார்க்கவில்லை. குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். இரண்டு டன் உத்தரம் ஆள் நடக்கிற வேகத்தில் ஆடிக்கொண்டே வந்தது. அது வரும் வழியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முந்தைய சுமையின் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தார் அவளுடைய கணவர்.

"குனிங்க!"

அவர் குனிந்தார். உத்தரத்தின் முனை அவருடைய ஹெல்மெட்டை மட்டும் தட்டிக்கொண்டு போயிற்று. ஹெல்மெட் உருண்டு வெல்டரின் காலடியில் போய் நின்றது.

"டேய் விசில்! கண்ணை வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்தியா?"

எந்நேரமும் சீழ்க்கை அடிப்பவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். பழைய டிரைவருக்கு முழங்கால் போய்விட்டதால் இரண்டு வாரமாகத் தற்காலிகமாக ஓட்டிக்கொண்டிருந்தான். கூண்டின் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினான்.

"அக்கா, சும்மா கத்தாதீங்க. கீழ நின்னு கையை ஆட்டுறது யாருக்கும் வரும். அவ்வளவு தெரிஞ்சா மேல வந்து ஓட்டுங்களேன்."

வெல்டர் ஹெல்மெட்டைப் பொறுக்கியபடியே சொன்னான்: "யாரு, நம்ம கையக்காவா? முக்காலி மேல ஏறினாலே தலை சுத்துமேப்பா அவங்களுக்கு!"

கொட்டகை சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. நெடுநாள் பழகியவர்கள் சிரிக்கிற சிரிப்புதான். கணவரும் சிரித்தார். ஒரு நொடிக்கு முன் யாருடைய தலைக்காக அவள் தொண்டை கிழியக் கத்தினாளோ, அவரே சிரித்தார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அவளுடைய வேலை கைகளால் பேசுவது. மேலே இருப்பவனுக்குக் கீழே நடப்பது பாதிதான் தெரியும். மீதியை அவள் கைகள்தான் சொல்ல வேண்டும்: தூக்கு, இறக்கு, வலது, இடது, மெதுவாக, நில். அதனால்தான் கையக்கா. கணவர் சுமைகளுக்குச் சங்கிலி பூட்டுபவர். எல்லாருக்கும் அவர் சங்கிலிக்காரர். பழைய டிரைவர் அடிக்கடி சொல்வார், "லீவர்தாம்மா என் கையில இருக்கு. ஓட்டுறது என்னவோ நீதான்." அதைக் கேட்டால் அவளுக்குப் பெருமையாக இருக்கும். சற்று நேரம் கழித்து எரிச்சலாகவும் இருக்கும்.

தலைசுற்றல் கதைக்கு வயது பதினாறு. அப்போது அவளுக்கு இருபத்தெட்டு. கிரேன் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்றதும் புருஷன், பெண்டாட்டி இருவருமே பெயர் கொடுத்தார்கள். முதலில் அவர் ஏறினார். சுண்ணக்கட்டியால் போட்ட கட்டத்துக்குள் சுமையை இறக்க வேண்டும். அவர் ஒரு கஜம் தள்ளி இறக்கினார். கூட்டம் சிரித்தது. அடுத்து இவள் ஏறினாள். ஐம்பது படி ஏணி அது. பன்னிரண்டாம் படியில் நின்றாள், கீழே பார்த்தாள், இறங்கி வந்துவிட்டாள். "தலை சுத்துது" என்று தரையில் உட்கார்ந்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அலுவலகத்தில் அவளுடைய ஃபைலில் 'உயரம் ஒத்துக்கொள்ளாது' என்று எழுதி வைத்தார்கள்.

தலை சுற்றவே இல்லை. அது பொய்.

அந்தப் பொய்க்குள் இன்னொன்றையும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள். புருஷன் தோற்ற இடத்தில் பெண்டாட்டி ஜெயித்தால் அவர் நாலு பேர் முன்னால் எப்படி நிமிர்ந்து நடப்பார்? அவருக்காகத்தான் இறங்கினேன். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யார் கண்ணுக்கும் படாமல் நெஞ்சுக்கு உள்பக்கம் குத்திக்கொண்ட பதக்கம் அது.

ஒரு பொய்யைச் சொன்னால் மட்டும் போதாது, கேளுங்கள். அதற்கு வேளாவேளைக்குத் தீனியும் போட வேண்டும். பரண் மேல் இருக்கிற பாத்திரத்தை எடுக்க அவர்தான் ஏற வேண்டும். திரைச்சீலை மாட்ட மகள். மூன்றாவது மாடியில், மூன்று பக்கம் ஜன்னலோடு, காற்று பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு வீடு வந்தது. "எனக்கு ஆகாதுங்க" என்று தட்டிக் கழித்தாள். துணி காய இரண்டு நாள் ஆகிற, சுவர் ஓதம் காக்கிற கீழ்வீட்டிலேயே காலம் போயிற்று. நாத்தனார் குடியிருந்தது ஐந்தாவது மாடி. அங்கே இவள் ஒருமுறைகூடப் போனதில்லை. "என் வாசப்படியை மிதிக்க உன் பொண்டாட்டிக்கு கௌரவம் இடம் கொடுக்கல" என்று நாத்தனார் தம்பியிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். இப்படியே போய், ஒருநாள் சாலையைக் கடக்கும் மேம்பாலத்தில் நடக்கும்போது உண்மையாகவே தலை சுற்றியது. உடம்பு பாவம், சொன்னதை நம்பிவிட்டது.

ஹெல்மெட் உருண்ட அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் தாள் ஏறியது. விசிலை மாற்றப்போகிறார்கள். நிரந்தர டிரைவருக்கு வெள்ளிக்கிழமை பரீட்சை. உள்ளே இருப்பவர்களுக்கு முதல் உரிமை. நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். யாரும் தேறாவிட்டால் வெளியாள். கையக்காவுக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து. இந்த முறை விட்டால் பிறகு எந்த முறையும் இல்லை.

வீட்டுக்கு வந்து பையைத் தொப்பென்று போட்டாள். மேசையில் படித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "அப்பா சொன்னாரும்மா, பரீட்சையாமே. பேர் கொடுத்தியா?"

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, அன்பாகத்தான் சொன்னார்: "அவளுக்கு எதுக்குடி அதெல்லாம்? பாவம், தலை சுத்தும்."

"என்ன சொன்னீங்க?"

"பாவம்னு சொன்னேன். அதுவும் தப்பா?"

"உங்க தலைக்காகக் கத்தினேன். நீங்க அவனுங்களோட சேர்ந்து பல்லைக் காட்டுறீங்க."

"எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். இதைப் போய்..."

"எனக்குத் தலையும் சுத்தல, வாலும் சுத்தல! அன்னைக்கு நான் இறங்கினது உனக்காக! தெரியுமா? உனக்காக!"

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவரை அவள் 'நீ' என்று சொன்னதில்லை. மகள் புத்தகத்தை மூடினாள்.

அவர் கழற்றிய சட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்காகவா?"

"நீ தோத்துட்ட. நான் ஏறி ஜெயிச்சிருந்தா உன் மானம் என்னாயிருக்கும்? அதான் இறங்கினேன். பதினாறு வருஷம் பூச்சி மாதிரி தரையிலயே கிடந்தேன்."

"நான் கேட்டேனா?"

"நீ கேக்கணுமா?"

"நான் கேட்டேனான்னு கேக்கறேன்!" அவர் குரல் உயர்ந்து அந்த வீடு கேட்டதே இல்லை. "தோத்தது ரெண்டு நாள் வலிச்சுது. மூணாம் நாள் மறந்துட்டேன். எனக்குச் சங்கிலி வேலை பிடிச்சிருக்கு, நான் பாட்டுக்கு இருந்தேன். நீ என்னடான்னா, எனக்கே தெரியாம எனக்குப் பிச்சை போட்டுட்டு, அதைத் தினமும் எண்ணிப் பாத்துட்டு இருந்திருக்க. பதினாறு வருஷமா உன் மனசுல நான் நொண்டியா?"

"உன் மூஞ்சியைப் பாத்தேன்யா! பன்னெண்டாவது படியில நின்னு கீழ பாத்தேன். செத்தவன் மாதிரி நின்னுட்டு இருந்த. அதைப் பாத்துத்தான்..."

"என் மூஞ்சியையா?" அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "நான் அங்க இருந்தாத்தானே? தோத்த கையோட வெளிய போயி குழாயடியில முகம் கழுவிட்டு உக்காந்திருந்தேன். 'உன் பொண்டாட்டி மயங்கிட்டா'ன்னு வெல்டர் வந்து கூப்பிட்டப்புறம்தான் உள்ள வந்தேன். வேணும்னா நாளைக்கு அவனையே கேளு."

அவள் அடுக்களைக்குள் போய், கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அப்படியானால் அன்றைக்குக் கீழே அவள் பார்த்தது யாரை? தேய்க்கத் தேய்க்க ஞாபகம் வந்தது. முப்பது முகங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. சற்று முன் ஒரு கஜம் தள்ளி இறங்கிய சுமையைப் பார்த்துச் சிரித்த வாய்கள் இன்னும் முழுதாக மூடவில்லை. இதே சிரிப்பு எனக்கும் வரும் என்று நினைத்தாள். கால் நின்றுவிட்டது. நடந்தது அவ்வளவுதான். புருஷன், மானம், தியாகம் எல்லாம் அப்புறமாக, வீட்டுக்கு வந்தபின், சாவகாசமாக உட்கார்ந்து கட்டிய மாளிகை.

கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டும். அங்கே நிற்காமல் போன புருஷன்மேல் கோபப்பட்டாள். அவரைக் கூப்பிடப் போன வெல்டர்மேல் கோபப்பட்டாள். ஃபைலில் எழுதிய குமாஸ்தாமேல் கோபப்பட்டாள். ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் நார் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்த கைதான் மிஞ்சியது. பாத்திரத்தைத் தொட்டியில் வீசினாள். வெறும் பயம் என்றால் இரண்டு மாதத்தில் செத்திருக்கும். அதற்கு நல்ல பெயர் வைத்தாள். அது பதினாறு வருஷம் வாழ்ந்துவிட்டது. நம்மில் யார்தான் வைக்கவில்லை?

மறுநாள் காலை முதல் வேலையாகப் பெயர் கொடுத்தாள். மேற்பார்வை பார்க்கும் அம்மா ஃபைலைப் புரட்டினாள். "உயரம் ஆகாதுன்னு எழுதியிருக்கேக்கா. பரீட்சை எடுக்க வர்றவரு எல்லார் முன்னாடியும் கேப்பாரு. ஒரு பதில் தயார் பண்ணி வச்சுக்கோங்க."

சாப்பாட்டு இடைவேளைகளில் ஏறிப் பார்த்தாள். முதல் நாள் ஐந்து படியிலேயே கொட்டகை சுழன்றது. இரண்டாம் நாள் ஒன்பது. வியாழக்கிழமை பதினொன்று. அதற்கு மேல் முடியவில்லை. "வெள்ளிக்கிழமை லீவு போட்டுடுங்கக்கா" என்று மேலிருந்து சொல்லிவிட்டு விசில் சீழ்க்கை அடித்தான். பற்களைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "உங்கம்மாகிட்ட சொல்லு, சோப்பு தீந்துபோச்சுன்னு." "உங்கப்பாகிட்ட சொல்லு, அவரு கால்கிட்டதான் இருக்குன்னு." மூன்றாம் நாள் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். "நான் என்ன தபால்காரியா? ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துத் திட்டித் தொலைங்க!"

அதற்கும் வழி வந்தது. இவள் மேலே போனால் கீழே கை காட்ட ஆள் வேண்டுமே? இவளுக்கு அடுத்தபடியாக அந்தக் கைப்பேச்சு தெரிந்தவர் சங்கிலிக்காரர்தான். மேற்பார்வை அம்மா அவர் பெயரை எழுதிவிட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பரீட்சைக்காரர் வந்தார். குள்ளமான மனிதர், பேனாவைக் காதில் செருகியிருந்தார். பெயர் கொடுத்திருந்தது இவள் ஒருத்திதான். கொட்டகையில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லாரும் வந்து நின்றார்கள். பதினாறு வருஷத்துக்கு முன் நின்றவர்களில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள்.

"உயரம் ஒத்துக்கொள்ளாதுன்னு இருக்கு. ஏணி ஏறி மயங்கிட்டீங்களாமே?"

"பொய்ங்க."

"என்னது?"

"அன்னைக்கு எனக்குத் தலை சுத்தல. பொய் சொன்னேன்."

கூட்டம் சலசலத்தது. பரீட்சைக்காரர் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். "ஏன்?"

சங்கிலிக்காரர் தோளில் சங்கிலியோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் கல்லாக இருந்தது. புருஷனுக்காக என்று ஒரே ஒரு சொல் போதும். கூட்டம் உச்சுக்கொட்டும், அவள் உயர்ந்துவிடுவாள், அவர் இதே இடத்தில் இரண்டாம் முறை தோற்பார். அந்தச் சொல் அவள் நாக்கு நுனியில் பழகிய சுகத்தோடு உட்கார்ந்திருந்தது.

"பயம்ங்க," என்றாள். "தோத்துட்டா எல்லாரும் சிரிப்பாங்கன்னு பயம். வேற ஒண்ணும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. வெல்டர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டான். சங்கிலிக்காரர் சங்கிலியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்.

"சரி. இப்ப எப்படி?" என்றார் பரீட்சைக்காரர்.

"இப்ப நெசமாவே சுத்துதுங்க. பதினாறு வருஷமா நானே பழக்கி விட்டுட்டேன். ஆனா ஏறுவேன்."

பரீட்சைக்காரர் பேனாவால் ஏணியைக் காட்டினார். "பெல்ட் கொக்கியை ஒவ்வொரு படியிலயும் மாட்டிக்கிட்டு ஏறுங்க. முடியலன்னா நின்னுடுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"நான் நெனைப்பேங்க."

ஏறினாள். கொக்கியை மாட்டு, கால் வை, கொக்கியை எடு. ஏறும்போதே முணுமுணுவென்று திட்டிக்கொண்டு போனாள். மூன்று ஜன்னல் வீட்டுக்கு ஒரு திட்டு. ஓதம் காத்த சுவருக்கு ஒன்று. நாத்தனாரிடம் சும்மா வாங்கிக் கட்டிக்கொண்ட கெட்ட பெயருக்கு ஒன்று. பத்தாம் படியில் காது அடைத்தது. பதினொன்றில் ஏணி சாய்வது போலிருந்தது. பன்னிரண்டில் கால் நின்றது. அந்தப் பழைய கால்தான், அதே இடத்தில்.

"ஏறுடி, பொய்க்காரி," என்று வாய்விட்டே சொன்னாள். கீழே இருந்தவர்களுக்கும் கேட்டது. கால் பதின்மூன்றுக்குப் போயிற்று. அதற்கு மேல் அவள் எண்ணவில்லை.

கூண்டுக்குள் பாதுகாப்புக்காக விசில் உட்கார்ந்திருந்தான். "வந்துட்டீங்களா? தலை இருக்கா?"

"இருக்கு. எந்திரி."

இருக்கையில் உட்கார்ந்து கண்களை ஒருமுறை இறுக மூடித் திறந்தாள். எந்த லீவர் எதற்கென்று பழைய டிரைவர் வாயாலேயே எத்தனையோ முறை சொல்லியிருந்தார். கீழே சங்கிலிக்காரர் உத்தரத்தைப் பூட்டிவிட்டு விலகி நின்று விரலை மேல்நோக்கிச் சுழற்றினார். தூக்கு. வெடுக்வெடுக்கென்று கோபமாகச் சுழன்றது விரல். நாலு நாளாகப் பேசாத மனிதர் பேசிய முதல் பேச்சு. தூக்கினாள். உத்தரம் ஆடாமல் எழுந்தது. அவர் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

அவளுடைய வலது கையும் நகர்ந்தது. உத்தரம் நேர் எதிர்ப்பக்கம் போனது.

"அக்கா, அந்தப் பக்கம்!" என்று விசில் கத்தினான். சட்டென்று நிறுத்தினாள். இத்தனை வருஷமாகக் கீழே நின்று, தன் வலது கையை நீட்டினால் சுமை தன் வலப்பக்கம் போவதைப் பார்த்துப் பழகியவள். மேலே இருந்து எதிரே பார்த்தால் அவருடைய வலது, இவளுக்கு இடது. கை காட்டியே வாழ்ந்தவள் தவிர வேறு யாரும் செய்யமாட்டாத தவறு.

கீழே யாரோ ஒருவன் சிரித்தான். அவனைத் தொட்டு அடுத்தவன். பிறகு மொத்தக் கொட்டகையும். விசில் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

அந்தச் சிரிப்பு மேலே ஏறி வந்தது. கூண்டைச் சுற்றியது. கூரைத் தகரத்தில் முட்டி, கொஞ்சம் அதிர்ந்து, அடங்கிவிட்டது. அவள் காத்திருந்தாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. கூரை பிளக்கவில்லை. அவள் உயிரோடுதான் இருந்தாள். வெல்டர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

இவ்வளவுதானா? இதற்கா? கொட்டாவி விடுகிற நேரத்தில் வந்து போகிற இதற்குப் பயந்தா நான் பதினாறு வருஷம் தரையைவிட்டு எழுந்திருக்கவில்லை? வயிற்றிலிருந்து நெருப்பு மாதிரி எழும்பியது கோபம். அதில் தலைசுற்றல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

கீழே ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சங்கிலிக்காரர் நீட்டிய வலது கையை இன்னும் இறக்காமல் நின்றிருந்தார். அந்தக் கை வலித்திருக்கும். முகத்தில் கொஞ்சமும் கனிவு இல்லை. ஆனால் கை அப்படியே நின்றது.

"அவரு வலது, என் இடது," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இடது பக்கம் தள்ளினாள். உத்தரம் திரும்பி வந்தது. வழியில் நிறுத்தியிருந்த எண்ணெய்ப் பீப்பாய் வரிசையைத் தாண்டி, சுண்ணக்கட்டியால் போட்ட கட்டத்துக்கு மேல் வந்தது. நில். இறக்கு. இன்னும். அவர் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மெல்ல மெல்ல நெருக்கினார். மெதுவாக, இன்னும் மெதுவாக. உத்தரம் தரையைத் தொட்டபோது சத்தமே வரவில்லை. சங்கிலி தொய்ந்தது.

பரீட்சைக்காரர் டேப்பை இழுத்து அளந்தார். "கட்டத்தை விட்டு நாலு விரல் வெளிய. ஒரு ஜாண் வரைக்கும் விடலாம். எதிர்ப்பக்கம் போனதுக்கு மார்க் குறைச்சாச்சு." நிமிர்ந்து வாயைக் குவித்துக் கூவினார்: "தேறிட்டீங்க! இறங்கி வாங்க!"

அவள் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள். நேர் கீழே சங்கிலிக்காரர் அண்ணாந்து நின்றிருந்தார்.

"எனக்கு இன்னும் கோபம் தீரல, சொல்லிட்டேன்!" என்று கத்தினார். கொட்டகை முழுக்கக் கேட்டது.

"எனக்கு மட்டும் தீந்துச்சா?" என்று அவளும் கத்தினாள். "அதை வீட்டுல வச்சுக்கலாம். அடுத்த உத்தரத்துக்குச் சங்கிலியைப் பூட்டுங்க!"

"அவரு இறங்கச் சொல்றாரு!" என்று சங்கிலிக்காரர் பரீட்சைக்காரரைக் காட்டினார்.

"ஏறவே பதினாறு வருஷம் ஆச்சு, உடனே எப்படி இறங்குறது? பூட்டுங்கங்கறேன்ல!"

அவர் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே குனிந்து சங்கிலியை எடுத்தார். அவள் கொக்கியை இறக்க ஆரம்பித்தாள், அவர் தலையிலிருந்து நன்றாகவே தள்ளி.